திரைக்காப்பு: படலமா, கண்ணாடியா?

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில், தொடர்வண்டிப் பாதையை ஒட்டி அமைந்துள்ள சிற்றூர் லாயாங் லாயாங். மலாய்மொழியில் இப்பெயர் காற்றாடியையும் குறிக்கும். தகைவிலான் குருவியையும் குறிக்கும். ஊரைச் சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். தோட்டத்து உட்சாலைகள் பலவும் தார் காணாத மண் சாலைகள். வெயில் நாளில் லாரி ஒன்று கடந்தால் புழுதி எழும்; மழை பெய்தால் சேறாகும்.

இந்தப் புழுதிக்கும் கால்சட்டைப் பையில் இருக்கும் திறன்பேசிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. லாயாங் லாயாங்கின் அண்டை ஊர் ரெங்கம். மலேசிய மண்ணியலாளர்கள் நாட்டின் மண் வகைகளுக்கு ஊர்ப்பெயர்களைச் சூட்டியபோது, ஒரு வகைக்கு ரெங்கம் மண் என்றே பெயரிட்டனர். கருங்கல் பாறை நெடுங்காலம் வெயிலிலும் மழையிலும் சிதைந்து உருவான மண் இது. தீபகற்பத்தின் வேறு பல இடங்களிலும் காணப்படுகிறது. கருங்கல்லில் உள்ள மற்றக் கனிமங்கள் பெரும்பாலும் மட்கிக் களிமண்ணாகிவிடும். குவார்ட்ஸ் எனும் கனிமம் மட்டும் எளிதில் சிதையாது. பருமணலாக எஞ்சி நிற்கும். அம்மண்ணை விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்தால் நறநறவென்று உணரலாம். அந்த நறநறப்புதான் திறன்பேசித் திரையின் முதல் பகைவன்.

தோட்டத்தில் வேலை செய்யும் தந்தை, பல மாதங்கள் சேமித்துத் தம் மகளுக்கு ஒரு திறன்பேசி வாங்கித் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாடக் குறிப்புகள், வகுப்பு ஆசிரியரின் அறிவிப்புகள், மாலையில் அம்மாவின் அழைப்பு எல்லாம் அந்த ஒரே கருவியில்தான். திரை உடைந்தால் அதை மாற்றும் செலவு, திறன்பேசியின் விலையில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஆகவே, கருவியை வாங்கிய கையோடு திரைக்காப்பும் வாங்கிவிடலாம் என்று இருவரும் கடைக்குச் செல்கிறார்கள். கடைக்காரர் இரண்டை எடுத்து முன்னே வைக்கிறார். ஒன்று, வளையக்கூடிய நெகிழிப் படலம். மற்றொன்று, கடைகளில் 'டெம்பர்ட் கிளாஸ்' என்று அழைக்கப்படும் வலுவூட்டிய கண்ணாடி.

"இதையே எடுத்துக்குங்க அண்ணே. ஒன்பது எச். கத்தியால கீறினாலும் கோடு விழாது," என்று கண்ணாடியைத் தட்டிக் காட்டுகிறார் அவர்.

"பத்துக்கு ஒன்பதா? அப்படின்னா வைரத்துக்கு அடுத்த நிலை ஆச்சே!" என்கிறார் தந்தை.

தந்தை சொன்னதில் பிழை இருக்கிறது. அது அவருடைய பிழையன்று. உறையில் அச்சிடப்பட்டிருக்கும் எண் அப்படி எண்ணத் தூண்டுகிறது.

கனிமங்களின் கடினத்தன்மையை ஒப்பிட, ஜெர்மானியக் கனிமவியலாளர் ஃபிரெடரிக் மோஸ் 1812ஆம் ஆண்டில் பத்துப் படிகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வகுத்தார். எது எதைக் கீறுகிறது என்பதே அதன் அடிப்படை. மிக மென்மையான டால்க் எனும் மாக்கல்லுக்கு 1, வைரத்துக்கு 10. மாணிக்கமும் நீலக்கல்லும் சேர்ந்த கொரண்டம் 9ஆம் படியில் இருக்கிறது. விரல் நகம் ஏறக்குறைய 2.5. சன்னல் கண்ணாடி 5.5 அளவில் நிற்கிறது. திறன்பேசித் திரையின் கண்ணாடி 6ஐ ஒட்டி வரும். குவார்ட்ஸ் 7. இந்த வரிசையை மனத்தில் கொண்டால் ஒன்று விளங்கும். தோட்டத்து மணல் திரையைக் கீறும். திரை மணலைக் கீறாது.

உறையில் உள்ள 9எச் என்பது மோஸ் அளவுகோலைச் சேர்ந்ததே அன்று. அது பென்சில் சோதனை. ஓவிய வகுப்பில் பயன்படுத்தும் பென்சில்களில் 2பி, எச்பி, 2எச் என்று எழுதியிருப்பதை மாணவர்கள் பார்த்திருப்பார்கள். பி எனில் மென்மை, எச் எனில் கடினம். இச்சோதனைக்குரிய வரிசையில் மிக மென்மையானது 9பி. மிகக் கடினமானது 9எச். வண்ணப் பூச்சுகளின் உறுதியை அறிய ஏற்பட்ட அனைத்துலகத் தரச் சோதனையில், பென்சிலை 45 பாகைச் சாய்வில் பிடித்து, 750 கிராம் எடையின் அழுத்தத்துடன் பரப்பின்மீது தள்ளுவார்கள். எந்தப் பென்சில் வரைக்கும் கீறல் விழவில்லையோ, அதுவே அப்பூச்சின் தரம். 9எச் என்றால், வரிசையின் கடைசிப் பென்சிலாலும் அதைக் கீற முடியவில்லை என்பது மட்டுமே பொருள்.

பென்சிலின் கரிக்கோல், கிராபைட்டும் களிமண்ணும் கலந்து சுட்டது. எவ்வளவு கடினமான பென்சிலும் கண்ணாடியைவிட மென்மையானதே. வீட்டுச் சன்னல் கண்ணாடியும் இந்தச் சோதனையில் தேறிவிடும். எனவே, 9எச் என்பது பொய்யன்று. ஆனால், கண்ணாடியைப் பொறுத்தவரை அது எதையும் நிறுவவில்லை. கடைக்காரர் கத்தியால் கீறிக் காட்டுவதும் இதே வகைதான். சாதாரண எஃகுக் கத்தி, கண்ணாடிக்கு இணையான அல்லது சற்றே குறைந்த கடினத்தன்மை உடையது. பையில் கிடக்கும் பித்தளைச் சாவியோ இன்னும் மென்மையானது. கத்தியையும் சாவியையும் விட்டுவிட்டு, வாசலில் கிடக்கும் ஒரு சிட்டிகை மணலைத் தேய்த்துக் காட்டச் சொன்னால் எந்தக் கடைக்காரரும் தயங்குவார்.

சில உறைகளில் 9டி, 21டி என்றும் எழுதியிருக்கும். இவற்றுக்குப் பென்சில் சோதனை போன்ற தர அளவு ஏதும் கிடையாது. எண் பெரிதானால் வாங்குபவரின் ஆவலும் பெரிதாகும் என்பதே அதன் கணக்கு.

அப்படியானால் வலுவூட்டிய கண்ணாடி வெறும் விளம்பரமா? இல்லை. அதன் வலிமை உண்மையானது; ஆனால், அது வேறு இடத்தில் இருக்கிறது. இதை அறியக் கண்ணாடி எவ்வாறு உடைகிறது என்று பார்க்க வேண்டும்.

1921ஆம் ஆண்டில் ஆலன் கிரிஃபித் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் கண்ணாடி உடைவதைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார். கணக்குப்படி கண்ணாடி மிகுந்த வலிமை உடையதாக இருக்க வேண்டும். நடைமுறையில் அது அதைவிட மிகச் சிறிய விசைக்கே உடைந்துவிடுகிறது. காரணம், அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண் விரிசல்கள் உள்ளன என்றார் அவர். கண்ணாடி வளையும்போது, விரிசலின் முனையில் விசை குவிகிறது. முனை திறக்கிறது, விரிசல் ஓடுகிறது, கண்ணாடி உடைகிறது. நெகிழிப் பையின் ஓரத்தில் சிறு வெட்டு விழுந்துவிட்டால், அதைக் கிழிப்பது எவ்வளவு எளிது என்பதை எண்ணிப் பார்த்தால் இது புரியும்.

இந்த விரிசல்களைத் திறக்க விடாமல் இறுக்கிப் பிடிப்பதே வலுவூட்டும் கலை. சோடியம் கலந்த மெல்லிய கண்ணாடியை, ஏறக்குறைய 400 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகிய பொட்டாசியம் உப்பில் மூழ்க வைக்கிறார்கள். கண்ணாடியின் மேற்பரப்பிலுள்ள சிறிய சோடியம் அயனிகள் வெளியேறுகின்றன. அவ்விடங்களில் அவற்றைவிடப் பெரிய பொட்டாசியம் அயனிகள் புகுந்துகொள்கின்றன. கூட்டம் நிறைந்த பேருந்தில் மெலிந்தவர் இறங்கிய இருக்கையில் பருத்தவர் அமர்ந்தால் மற்றவர்கள் நெருக்கப்படுவதைப் போல, மேற்பரப்பு முழுவதும் நெருக்கத்துக்கு உள்ளாகிறது. அந்த நெருக்கம் விரிசல்களின் வாயை மூடியே வைத்திருக்கிறது. நெருக்கமான இந்த அடுக்கு மிக மெல்லியது. ஒரு மில்லிமீட்டரின் சிறு பின்னமே. அதையும் தாண்டி ஆழமாக ஒரு கீறல் இறங்கிவிட்டால் பாதுகாப்பு முறிந்துவிடுகிறது.

இங்கேதான் மணலும் உடைவும் கைகோக்கின்றன. கீறல் விழுவது அழகுக் குறை, கீழே விழுந்து உடைவது விபத்து என்று நாம் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கிறோம். கிரிஃபித்தின் விளக்கப்படி அவை இரண்டும் ஒரே நிகழ்வின் தொடக்கமும் முடிவும் ஆகும். குவார்ட்ஸ் மணல் இன்று போட்ட கீறல், திறன்பேசி நாளை சிமெண்டுத் தரையில் விழும்போது விரிசல் ஓடத் தொடங்கும் இடமாகலாம். "எத்தனையோ தடவை விழுந்திருக்கு, ஒன்றும் ஆகலை, இந்தத் தடவை மேசை உயரத்திலிருந்து விழுந்ததுக்கே போயிடுச்சு" என்று பலரும் வியப்பதற்கு இதுவே பெரும்பாலும் விடை.

ஆகவே, எளிய நெகிழிப் படலத்தைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. அது மோதலைத் தாங்குவதில் அவ்வளவு உதவாது என்பது உண்மை. ஆனால், திரையின்மேல் மணல் படாமல் காக்கிறது. கீறலைத் தான் ஏற்றுக்கொண்டு, அடியிலுள்ள கண்ணாடியின் மேற்பரப்பைப் புதிதாகவே வைத்திருக்கிறது. அந்த வகையில் உடைவையும் ஓரளவு தள்ளிப்போடுகிறது.

படலத்திலும் வகைகள் உண்டு. ஒன்று 'பெட்' எனப்படும் நெகிழி. தண்ணீர்ப் போத்தல் செய்யும் அதே பொருள்தான். 1941ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த வின்ஃபீல்டும் டிக்சனும் இதைக் கண்டுபிடித்தனர். விலை மலிவு, தெளிவாக இருக்கும், விரைவில் கீறல் விழும். மற்றொன்று 'டிபியு' எனப்படும் ரப்பர் போன்ற மீள்தன்மையுள்ள நெகிழி. நகம் பட்டு விழும் சிறு பள்ளங்கள் சில மணி நேரத்தில் தாமே மறைந்துவிடும். ஓரங்கள் வளைந்த திரைகளில் நன்றாகப் படியும். ஆயினும், விரல் வழுக்கிச் செல்லாமல் சற்றே ஒட்டுவது போலிருக்கும். மூன்றாவது வகை மங்கல் படலம். வெட்ட வெளியில் வேலை செய்வோருக்கு இது உதவும். வெயிலின் பளபளப்பைச் சிதறடித்துவிடும். ஆனால், படங்களும் எழுத்தும் சற்று மங்கித் தெரியும் என்பதை வாங்குமுன் பார்த்துக்கொள்வது நல்லது.

கண்ணாடிக் காப்பின் நிறைகள் வேறு. அது பெரும்பாலும் 0.3 மில்லிமீட்டர் அளவு தடிப்புடையது. விரலுக்கு மூலத்திரையைப் போன்றே வழவழப்பாக இருக்கும். சாவி, நாணயம் போன்றவற்றால் கீறல் விழாது. விறைப்பானது என்பதால், கூரான கல் ஒன்று திரைமீது மோதினாலும் அந்த விசையைப் பரப்பி, அடியிலுள்ள திரைக்குக் குறைத்துக் கொடுக்கும். மோதல் கடுமையானால் தான் உடையும். உடைந்த கண்ணாடிக் காப்பைக் காட்டி, "இது இல்லாவிட்டால் திரை நொறுங்கியிருக்கும்" என்று சொல்வோர் உண்டு. அது எப்போதும் உண்மையாக இருக்க வேண்டியதில்லை. காப்புக் கண்ணாடி மெல்லியது. மூலத்திரைக்கு ஒன்றும் ஆகாத மோதலிலும் அது உடைந்துவிடக்கூடும்.

மற்றொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். திறன்பேசி தட்டையாக முகங்குப்புற விழுவதைவிட, மூலையில் விழும்போதே திரைக்கு ஆபத்து அதிகம். மூலையில் படும் அடியைப் படலமும் தடுக்காது, கண்ணாடியும் தடுக்காது. திரையைவிடச் சற்று உயர்ந்த விளிம்புள்ள மென்மையான பின்னுறைதான் அதற்கு மருந்து. குறைந்த பணமே கையில் இருக்கும் குடும்பம், விலையுயர்ந்த கண்ணாடி ஒன்றை வாங்குவதைவிட, நல்ல பின்னுறையும் மலிவான படலமும் வாங்குவதே சிறந்தது.

தடித்த காப்பே நல்ல காப்பு என்றும் சிலர் எண்ணுவர். இதற்கு லாயாங் லாயாங்கிலேயே பொருத்தமான ஒப்புமை உண்டு. அவ்வூரிலுள்ள உலு ரெமிஸ் தோட்டத்தின் பெயர், செம்பனை ஆய்வாளர்களிடையே நன்கு அறியப்பட்டது. அங்கு வளர்க்கப்பட்ட டூரா வகைத் தாய்மரங்கள் புகழ்பெற்றவை. டூரா பழத்தில் கொட்டையின் ஓடு தடிப்பானது. எண்ணெய் தரும் சதை குறைவு. பிசிஃபெரா வகையில் ஓடே இல்லை. ஆனால், அம்மரங்கள் பெரும்பாலும் காய்ப்பதில்லை. இரண்டையும் கலந்து பெற்ற டெனெரா வகையில் ஓடு மெல்லியது, சதை மிகுதி. இன்று தோட்டங்களில் நடப்படுவது அதுதான். பருப்புக்கு ஓடு வேண்டும். ஆனால், ஓடு தடிக்கத் தடிக்கச் சதைக்கு இடம் குறைகிறது.

திரைக்காப்பும் அப்படித்தான். அது தடித்தால் தொடுதிரை விரலை உணர்வது மந்தமாகலாம். திரைக்கு அடியில் கைரேகை உணரி உள்ள திறன்பேசிகளில் இச்சிக்கல் அதிகம். 2019ஆம் ஆண்டு அக்டோபரில், சம்சோங் நிறுவனத்தின் எஸ்10, நோட்10 திறன்பேசிகளில் ஒரு வியப்பான குறை தெரியவந்தது. சிலவகைச் சிலிக்கன் திரைக்காப்புகளின் மேற்பரப்பு வடிவத்தையே உணரி கைரேகை என்று எடுத்துக்கொண்டதால், யார் விரல் வைத்தாலும் பூட்டுத் திறந்தது. நிறுவனம் மென்பொருளைத் திருத்தி வெளியிட்டது. எனவே, அத்தகைய திறன்பேசிக்குக் காப்பு ஒட்டிய பிறகு கைரேகையைப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாத வேறொருவர் விரலையும் வைத்துச் சோதிக்க வேண்டும்.

படலமா, கண்ணாடியா என்ற கேள்வி திறன்பேசியைத் தயாரித்தவர்களுக்கும் எழுந்ததே. ஆப்பிள் நிறுவனம் 2007ஆம் ஆண்டு ஜனவரியில் ஐபோனை அறிமுகப்படுத்தியபோது அதன் முகப்பு நெகிழியால் ஆனது. விற்பனைக்கு வருமுன், அதே ஆண்டு ஜூன் 18ஆம் நாள், முகப்பு முழுவதும் கண்ணாடியாக மாற்றப்பட்டுள்ளது என்று அந்நிறுவனம் அறிவித்தது. கீறல் விழாமையும் தெளிவும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். அந்தக் கண்ணாடியை வழங்கிய அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனம், வலுவூட்டிய கண்ணாடி ஆய்வை 1960களிலேயே தொடங்கியிருந்தது. அப்போது போதிய வாங்குவோர் இல்லாததால் அந்த முயற்சி ஓரங்கட்டப்பட்டுக் கிடந்தது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் காட்சி தலைகீழானது. 2019ஆம் ஆண்டு ஏப்ரலில், சம்சோங் தன் மடிக்கும் திறன்பேசியை மதிப்புரையாளர்களிடம் கொடுத்தது. மடிய வேண்டும் என்பதால் அதன் திரை நெகிழியால் ஆனது. மேலேயிருந்த படலத்தைச் சாதாரணத் திரைக்காப்பு என்று கருதிச் சிலர் உரித்தெடுத்தனர். அது திரையின் ஒரு பகுதியே ஆகும். திரை பழுதடைந்தது; விற்பனை செப்டம்பர் வரை தள்ளிப்போயிற்று. மடிக்கும் திறன்பேசி வைத்திருப்போர் கடைக்காரர் தரும் கண்ணாடிக் காப்பை மடிப்புத் திரையில் ஒட்டவே கூடாது.

மீண்டும் கடைக்கு வருவோம். மகளுக்கு எது ஏற்றது? அவள் திறன்பேசியைப் புத்தகப்பையிலும் மேசையிலும் வைத்துப் பயன்படுத்துகிறாள், திரையும் தட்டையானது. அவளுக்குக் கண்ணாடிக் காப்பு போதும், விலை நடுத்தரமாக இருந்தால் போதும். தந்தையின் திறன்பேசியோ மோட்டார் சைக்கிளிலும் மண் படிந்த கால்சட்டைப் பையிலும் நாள் முழுவதும் கிடக்கிறது. மணல் கண்ணாடிக் காப்பையும் கீறும், படலத்தையும் கீறும். இரண்டும் கீறுமென்றால், அடிக்கடி மாற்றக்கூடிய மலிவான மங்கல் படலமும் உயர்ந்த விளிம்புள்ள பின்னுறையும் அவருக்குப் பொருந்தும். வெயிலிலும் எண்கள் தெரியும். பையில் கைக்குட்டையைப் போடாமல், திறன்பேசிக்கென ஒரு பையை ஒதுக்கி, வாரம் ஒருமுறை அதைப் புறம் திருப்பி உதறுவது எந்தக் காப்பையும்விட மலிவான காப்பு.

உறையில் எழுதியிருப்பதைப் பற்றியும் ஒரு சொல். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்கப்படும் பொருள் அதன் விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும். ஒத்திராவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் வழக்கறிஞர் இன்றியே கோரிக்கை தாக்கல் செய்யலாம். ஆனால், பத்து ரிங்கிட் திரைக்காப்புக்காக அங்குச் செல்வோர் எத்தனை பேர்? அதிலும் 9எச் என்பது சொல்லளவில் மெய்யாகவே இருக்கிறது. அதைப் படித்துப் பொருள் தெரிந்துகொள்ளும் வேலை கடை வாசலிலேயே முடிய வேண்டியிருக்கிறது. பற்றுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இனி ஒட்டுவது. எந்தக் காப்பானாலும் ஒட்டும் நேரத்தில் உள்ளே சிக்கும் ஒரே ஒரு மணல் துகள், அது தடுக்க வந்த வேலையைத் தானே செய்துவிடும். மின்விசிறியை நிறுத்த வேண்டும். சன்னலை மூட வேண்டும். குளித்து முடித்த ஈரம் இன்னும் காற்றில் இருக்கும் குளியலறை நல்ல இடம். ஈரம் தூசியைக் கீழே அமர்த்திவிடும். முதலில் தூசியை ஊதியோ ஒட்டுநாடாவால் ஒற்றியோ எடுக்க வேண்டும். துணியால் நேரே தேய்த்தால் மணலும் சேர்ந்து தேயும். அதன் பிறகே, உடன் வரும் ஈரத்தாளால் எண்ணெய்ப் பசையைத் துடைக்க வேண்டும். காப்பின் ஓர் ஓரத்தை மட்டும் பொருத்தி, மீதியைத் தானாகப் படியவிட வேண்டும். சிறு காற்றுக் குமிழிகள் ஓரிரு நாளில் மறைந்துவிடும். குமிழிக்குள் புள்ளியாகத் தூசு தெரிந்தால், அந்த மூலையை மட்டும் ஒட்டுநாடாவால் மெல்லத் தூக்கி, மற்றோர் ஒட்டுநாடாத் துண்டால் தூசியை ஒற்றியெடுத்துவிட்டு, மறுபடியும் படியவிட வேண்டும்.